முழங்காலில் நின்று பாடியவர்

1945 செப்டம்பர் 28. நியூயார்க் ஐம்பத்தைந்தாம் தெருவில் உள்ள சிட்டி சென்டர் அரங்கில் அன்று ‘பாலியாச்சி’ ஓபரா. அந்த ஓபராவில் திரை விலகும் முன்பே ஒருவன் வெளியே வந்துவிடுவான். டோனியோ என்று பெயர், உடல் கோணிய ஒரு கோமாளி. வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருக்கும்போதே திரையின் இடுக்கு வழியாகத் தலையை நீட்டி, பேசலாமா என்று சபையிடம் அனுமதி கேட்பான். அனுமதி கிடைத்ததாக அவனே வைத்துக்கொண்டு, வேஷம் கட்டியவர்களும் ரத்தமும் சதையும் உள்ள மனிதர்கள்தான், அதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள் என்று நீளமாகப் பாடுவான்.

அன்றைக்கு அப்படி அனுமதி கேட்டு நின்றவர் டாட் டங்கன். வயது 42, கறுப்பர். அவரோடு முக்கிய வேஷம் கட்டிய மற்றவர்கள் வெள்ளையர்கள். அமெரிக்காவின் பெரிய ஓபரா நிறுவனம் ஒன்றில் ஒரு கறுப்பர் இப்படிப் பாடியது அதுதான் முதல் தடவை. ‘நாங்களும் மனிதர்கள்தான்’ என்ற பாட்டோடுதான் அவர் உள்ளே நுழைய வேண்டியிருந்தது என்பதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. பாரிடோன் ஒருவர் புதிதாக வந்தால் டோனியோ கொடுப்பது சகஜம். 1892-இல் அந்த வேஷத்தை முதன்முதலில் ஏற்றவர் விக்டர் மோரெல் என்ற பிரெஞ்சுக்காரர். பெயர்பெற்ற பாடகர். டெனருக்கு மட்டும் நல்ல பாட்டா, எனக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததால்தான் இசையமைப்பாளர் லியோன்கவாலோ அந்த முன்னுரைப் பாட்டைச் சேர்த்தார் என்று சொல்வார்கள். ஒரு பாடகரின் வீம்பில் பிறந்த பாட்டு அன்றைக்கு வேறொரு வேலைக்குப் பயன்பட்டது.

பாரிடோன் ஆண்குரலில் நடுவில் இருப்பது. மேலே டெனர், கீழே பேஸ். நான் பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் வரிசையில் நிற்பவன். எங்கள் சோல்ஃபா புத்தகத்தில் இருப்பது நாலே வரிசை: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். நடுக்குரல்காரனுக்கு அதில் தனி இடம் கிடையாது. எந்த வரிசையில் ஆள் குறைகிறதோ அங்கே கொயர் மாஸ்டர் தள்ளிவிடுவார். பேஸில் நின்றால் கீழ்ச் சுரம் வரும்போது வாயை மட்டும் அசைத்துச் சமாளிக்க வேண்டும். டெனரில் நின்றால் கேரல் ஆராதனை முடிவதற்குள் தொண்டை கட்டிவிடும். அதனால் இந்தக் குரல்காரர்கள்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம்.

ஓபராவில் நடுக்குரலுக்குப் பெரிய மரியாதை தேடிக்கொடுத்தவர் இசையமைப்பாளர் வெர்டி. 1842-இல் ‘நபுக்கோ’, 1847-இல் ‘மக்பெத்’, 1851-இல் ‘ரிகொலெட்டோ’ என்று ஓபராவின் தலைப்புப் பாத்திரத்தையே பாரிடோனிடம் கொடுத்தார். கூலியையும் அதற்கேற்ப வசூலித்தார். அவர் எழுதிய பாட்டுகள் குரலின் மேல் எல்லையிலேயே நெடுநேரம் தங்கும். பேஸின் கனமும் இருக்க வேண்டும், டெனரின் வாசலுக்குப் போய் அசையாமல் நிற்கவும் வேண்டும். இவ்வளவு பாடியும் கதாநாயகியின் கையைப் பிடிக்கும் பாத்திரம் பெரும்பாலும் டெனருக்குத்தான். பாரிடோனுக்கு வாய்ப்பது அப்பா, அண்ணன், எதிரி நாட்டு அரசன், துரோகி, கூனன். டங்கனின் கதைக்கு இந்தப் பங்கீடு மிக முக்கியம்.

கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற சிற்றூரில் 1903 பிப்ரவரி 12 அன்று பிறந்தவர் டங்கன். அம்மா இசை சொல்லிக்கொடுப்பவர். இண்டியானாபொலிஸில் பட்லர் பல்கலைக்கழகத்தில் பட்டம், பிறகு நியூயார்க்கில் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் 1930-இல் முதுகலை. அதைத் தொடர்ந்து வாஷிங்டனில், கறுப்பின மாணவர்களுக்கென்றே பெயர்பெற்ற ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் குரலிசை ஆசிரியர் வேலை. கலைஞர்களின் வாழ்க்கை வரலாற்றில் நாம் எதிர்பார்க்கும் பட்டினி, வீட்டைவிட்டு ஓட்டம் எதுவும் இவரிடம் கிடையாது. மாதச் சம்பளக்காரர். பாடம் நடத்துவார், விடுமுறையில் கச்சேரி செய்வார். வாத்தியார் புத்தி அவரை விட்டுப் போகவே இல்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்பது என் கட்சி.

1934-இல் நியூயார்க்கில் முழுக்கக் கறுப்பர்களைக் கொண்டு ‘கவல்லேரியா ருஸ்டிகானா’ ஓபராவை மேடையேற்றினார்கள். டங்கனுக்கு வண்டிக்காரன் ஆல்ஃபியோ வேஷம். பாரிடோன்தானே, மனைவியின் காதலனைக் குத்திக் கொல்லும் கணவன். அது நடந்த இடம் மெக்கா டெம்பிள் என்ற அரங்கு. இந்த மெக்கா டெம்பிளைத்தான் பின்னால் நகராட்சி எடுத்துக்கொண்டு 1943-இல் சிட்டி சென்டர் ஆக்கியது. அதாவது டங்கன் பதினோரு வருடம் கழித்து வெள்ளையர்களோடு நின்று பாடப்போவதும் அதே மேடையில்தான்.

அந்தச் சமயம் ஜார்ஜ் கெர்ஷ்வின் தன் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஓபராவின் நாயகன் வேஷத்துக்கு ஒரு பாரிடோனைத் தேடிக்கொண்டிருந்தார். ‘நியூயார்க் டைம்ஸ்’ இசை விமரிசகர் ஓலின் டௌன்ஸ் டங்கனின் பெயரைச் சொன்னார். கெர்ஷ்வின் அப்போது அமெரிக்கா முழுக்க முணுமுணுக்கும் பாட்டுகளைப் போட்டவர். டங்கனுக்கோ அதுவே இளக்காரம். ஷூபர்ட்டும் பிராம்ஸும் பாடுகிறவன் சினிமாப் பாட்டுக்காரனிடம் போவதா என்கிற மாதிரி. கூப்பிட்டவுடன் ஓடவில்லை. தன் வசதிப்படி நாள் குறித்துக்கொண்டுதான் போனார். கூடவே பியானோ வாசிக்க ஆளையும் அழைத்துப் போகவில்லை. கெர்ஷ்வினே வாசித்தார்.

குரல்தேர்வுக்கு வரும் கறுப்பர்கள் தங்கள் இனத்துப் பக்திப் பாட்டு ஒன்றைத்தான் பாடுவது வழக்கம். டங்கன் பாடியது ஒரு பழைய இத்தாலியப் பாட்டு. சில அடிகளுக்குள் கெர்ஷ்வினுக்கு முடிவு தெரிந்துவிட்டது, என் போர்கியாக இருப்பீர்களா என்று கேட்டுவிட்டார். டங்கன் சொன்ன பதில், முதலில் உங்கள் இசையைக் கேட்டாக வேண்டும் என்பது. பிறகு மனைவியோடு வந்து உட்கார்ந்து கேட்டார். ஜார்ஜும் அண்ணன் ஐராவும் தங்கள் கரகரத்த குரலில் முழு ஓபராவையும் பாடிக்காட்டினார்களாம். குரல் மகா மட்டம், ஆனால் பாட்டு முடிவதற்குள் தான் அழுதுவிட்டதாக டங்கன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பரீட்சைக்குப் போனவர் பரீட்சை வைத்துவிட்டு வந்த கதை இது.

‘போர்கி அண்ட் பெஸ்’ மேடைக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுக நகரத்துக் கறுப்பர்களைப் பற்றி டூபோஸ் ஹேவர்டு 1925-இல் எழுதிய ‘போர்கி’ நாவல்தான் அதற்கு மூலம். நடக்க முடியாத பிச்சைக்காரன் போர்கி, ஆட்டு வண்டியில் ஊர் சுற்றுபவன். வெள்ளைப் பாடகரான ஆல் ஜோல்சன் முகத்தில் கரி பூசிக்கொண்டு போர்கியாக நடிக்க ஆசைப்பட்டார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நியூயார்க்கின் பெரிய ஓபரா நிறுவனமான மெட்ரோபாலிட்டன் ஓபராவிலேயே 1933-இல் ‘எம்பரர் ஜோன்ஸ்’ நடந்தபோது கறுப்பு நாயகனாகப் பாடியவர் லாரன்ஸ் டிபெட் என்ற வெள்ளை பாரிடோன். அவரும் கருமை பூசிக்கொண்டுதான் வந்தார். அதே வேஷத்தைத் தாங்கக்கூடிய ஜூல்ஸ் பிளெட்சோ என்ற கறுப்பு பாரிடோன் அதே நியூயார்க்கில் இருந்தார். 1927-இல் ‘ஷோ போட்’ நாடகத்தில் மிசிசிப்பி ஆற்றுப் பாட்டைப் பாடி ஊரையே மயக்கியவர். மெட்ரோபாலிட்டன் அவரைக் கூப்பிடவில்லை.

கெர்ஷ்வின் இந்த விஷயத்தில் உறுதியாக இருந்தார். கறுப்பர்கள்தான் பாட வேண்டும். ஆகவே மெட்ரோபாலிட்டன் கிடையாது, பிராட்வே நாடக அரங்குதான். 1935 செப்டம்பர் 30 அன்று பாஸ்டனில் வெள்ளோட்டம், அக்டோபர் 10 அன்று நியூயார்க் ஆல்வின் தியேட்டர். இயக்கம் ரூபன் மமூலியன், இசை நடத்துநர் அலெக்சாண்டர் ஸ்மாலன்ஸ், நாயகி பெஸ்ஸாக ஜூலியார்டு இசைப் பள்ளியில் படித்த ஆன் பிரவுன்.

பிராட்வே என்றால் வாரத்துக்கு எட்டுக் காட்சி. ஓபரா வீட்டில் ஒரு பாரிடோன் பெரிய வேஷத்தை வாரத்துக்கு இரண்டு முறை பாடினாலே அடுத்த நாள் பேச மாட்டார். போர்கிக்கு எழுதியிருந்த கனத்த பாட்டு ஒன்றை, பருந்தைப் பார்த்துப் பாடுவது, பாஸ்டனிலேயே கெர்ஷ்வின் வெட்டினார். தினமும் அதைப் பாடினால் இவர் குரல் தாங்காது என்பது காரணங்களில் ஒன்று. இதில் இன்னொரு கொடுமை, டங்கன் அந்த வேஷத்தை முழங்காலில் நின்று பாடினார். இப்போதைய தயாரிப்புகள் பலவற்றில் போர்கி ஊன்றுகோலோடு நடக்கிறான். அன்றைக்கு அப்படி இல்லை. பாடத் தெரிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். உச்சச் சுரத்துக்குப் போகும்போது பாடகன் தன்னையறியாமல் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்வான், அடிவயிற்றுக்கு அங்கிருந்துதான் பலம். முட்டியில் நிற்பவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மூச்சை விலாவிலேயே கட்டிப்போட வேண்டும். தன் வாழ்நாளில் இவர் போர்கியாக 1,800 தடவைக்கு மேல் பாடியிருக்கிறார்.

முதல் நியூயார்க் ஓட்டம் 124 காட்சிகளோடு நின்றது. போட்ட பணம் வரவில்லை. அந்த அக்டோபரிலேயே ஆர்சிஏ விக்டர் நிறுவனம் இந்த ஓபராவின் பாட்டுகளை இசைத்தட்டில் பதித்தது, கெர்ஷ்வினும் உடனிருந்தார். போர்கியின் பாட்டுகளைப் பாடியது யார்? மறுபடி அதே லாரன்ஸ் டிபெட். சில தெருக்கள் தள்ளி டங்கன் தினமும் முழங்காலில் பாடிக்கொண்டிருக்க, கடையில் விற்ற தட்டில் டிபெட்டின் குரல். டங்கனும் ஆன் பிரவுனும் தங்கள் பாட்டுகளை டெக்காவுக்காகப் பதிவு செய்தது 1940-இல்தான்.

1936 மார்ச்சில் சுற்றுப்பயணம் வாஷிங்டனுக்கு வந்தது. வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில், பென்சில்வேனியா அவென்யூவில் இருக்கும் நேஷனல் தியேட்டர். அங்கே கறுப்பர்கள் மேடையில் ஏறலாம், டிக்கெட் வாங்கி உட்கார முடியாது. வாஷிங்டன் டங்கன் வேலை பார்த்த ஊர். ஹோவர்டில் அவரிடம் படிக்கும் பிள்ளைகள் சில மைல் தூரத்தில் இருக்கிறார்கள். வாத்தியார் மேடையில், மாணவர்கள் தெருவில் என்றால் பாட மாட்டேன் என்றார் டங்கன். ஆன் பிரவுனும் அவரோடு நின்றார்.

பேரம் ஆரம்பித்தது. புதன், சனி பகல்காட்சிகளில் கறுப்பர்களை அனுமதிக்கிறோம் என்றார்கள். முடியாது என்றார். சரி, எல்லாக் காட்சிக்கும் வரட்டும், மாடியில் தனியாக உட்காரட்டும் என்று இறங்கி வந்தார்கள். அதற்கும் முடியாது. ஒப்பந்தத்தை மீறினால் பெரிய அபராதம், தொழிலை விட்டே தள்ளிவைப்போம் என்ற மிரட்டலும் வந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: காசு கொடுக்கும் யாரும் எந்த நாற்காலியிலும் உட்காரலாம். கடைசியில் அரங்கத்தார் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு வாரம் நேஷனல் தியேட்டரில் கறுப்பரும் வெள்ளையரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஓபரா பார்த்தார்கள். அந்த அரங்கின் நூறாண்டு வரலாற்றில் அது முதல் தடவை. கலகம், கைகலப்பு எதுவும் நடக்கவில்லை.

வாரம் முடிந்ததும் பழைய விதி திரும்ப வந்துவிட்டது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1948-இல் நடிகர் சங்கமே புறக்கணிப்பு அறிவித்தபோது, கறுப்பர்களை உட்காரவைப்பதைவிட நாடகத்தையே நிறுத்துவது மேல் என்று அந்த அரங்கை சினிமாக் கொட்டகையாக்கிவிட்டார்கள். எல்லாருக்கும் திறந்த நாடக அரங்காக அது மீண்டது 1952-இல். டங்கனுக்குக் கிடைத்தது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்காகவே இவரைப் பற்றி எழுதலாம் என்று நான் நினைக்கிறேன். கோபத்தில் கத்தியவர் இல்லை, விடைத்தாளில் மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சும் மாணவனிடம் முடியாது முடியாது என்று ஒரே குரலில் சொல்லும் ஆசிரியரைப் போல இருந்திருக்கிறார்.

மறுபடி 1945. சிட்டி சென்டர் ஓபரா புதிது. மேயர் லா கார்டியாவின் ஆதரவில், சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் டிக்கெட் விற்றது. நடத்தியவர் லாஸ்லோ ஹலாஸ் என்ற ஹங்கேரியர். அங்கே டங்கன் டோனியோ பாடினார், ‘கார்மென்’ ஓபராவில் காளைச்சண்டை வீரன் எஸ்கமில்யோவும் பாடினார். எஸ்கமில்யோ பாரிடோனுக்கு அபூர்வமாக வாய்க்கும் காதலன் வேஷம். டோனியோவும் கதாநாயகியை வலிய முத்தமிடப் போய் அவளிடம் சாட்டையடி வாங்குபவன். 1945 அமெரிக்காவில் ஒரு கறுப்பர் வெள்ளை நடிகையோடு இந்தக் காட்சிகளைச் செய்தார் என்பதை அந்தக் காலத்தை அறிந்தவர்கள்தான் முழுதாக உணர முடியும்.

ஆனால் பெரிய வீட்டின் கதவு அப்போதும் சாத்தித்தான் இருந்தது. மெட்ரோபாலிட்டனில் முதல் கறுப்புக் குரல் 1955 ஜனவரி 7 அன்று மரியன் ஆண்டர்சனுடையது. அதே மாதம் 27-ஆம் தேதி, முதல் கறுப்பு ஆணாக ராபர்ட் மெக்ஃபெரின் பாடினார். வேஷம் ‘ஐடா’வில் எத்தியோப்பிய அரசன் அமொனாஸ்ரோ. பாரிடோன், அப்பா, கைதி. இவர் அர்க்கன்சாஸிலிருந்து வந்த போதகரின் மகன். டங்கன் 1949-இல் ‘லாஸ்ட் இன் தி ஸ்டார்ஸ்’ என்ற கர்ட் வைல் இசை நாடகத்தில் தென்னாப்பிரிக்கக் கறுப்புப் பாதிரியாராகப் பாடியபோது, அதில் சின்ன வேஷத்தில் நின்றவர்தான் மெக்ஃபெரின். மெட்ரோபாலிட்டனில் மூன்று பருவத்தில் அவருக்குக் கொடுத்தது பத்தே காட்சிகள். விலகிவிட்டார். 1959-இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ சினிமாவானபோது போர்கியாக நடித்தவர் சிட்னி பாய்ட்டியே, பின்னணிப் பாட்டு மெக்ஃபெரின்.

ஒரு கறுப்பு டெனர் மெட்ரோபாலிட்டனில் முக்கிய வேஷம் கட்ட 1961 வரை, ஜார்ஜ் ஷெர்லி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு எத்தனையோ விளக்கம் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: கறுப்பு ஆணை அப்பனாக, அடிமையரசனாக, ஊனமுற்றவனாகப் பார்க்கச் சபை தயாராக இருந்தது. காதலனாகப் பார்க்கத் தயாராக இல்லை. வெர்டி காலத்துப் பங்கீடு இவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது, அதைப் பாதியோடு நிறுத்தியும் வைத்தது.

டங்கன் மெட்ரோபாலிட்டனுக்காகக் காத்துக்கொண்டு உட்காரவில்லை. ஹோவர்டு வேலையை 1945-இல் விட்டுவிட்டு வில்லியம் ஆலன் என்ற பியானோக்காரரோடு தனிக் கச்சேரிக்குக் கிளம்பினார். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா என்று பல வருடம். 1955-இல் ‘அன்செயிண்டு’ என்ற சிறைச்சாலைப் படத்தில் ஒரு கைதியாக வந்து, சக கைதிகள் நடுவில் ஒரு ஏக்கப் பாட்டைப் பாடினார். ‘அன்செயிண்டு மெலடி’ என்று உலகத்துக்கே தெரிந்த பாட்டு. 1990-இல் வந்த ‘கோஸ்ட்’ படத்தில் மண்பானை வனையும் காட்சிக்குப் பின்னால் ஒலிப்பதும் அதுதான், பாடியவர்கள்தான் வேறு. முதலில் பாடியவர் இந்த ஓபராக்காரர் என்று சொன்னால் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

பிறகு வாஷிங்டன் வீட்டில் பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம். தொண்ணூறு வயதைத் தாண்டியும் சொல்லிக்கொடுத்தார். 1985-இல், எழுதி ஐம்பது வருடம் கழித்து, மெட்ரோபாலிட்டன் முதன்முறையாகப் ‘போர்கி அண்ட் பெஸ்’ஸை மேடையேற்றியபோது சைமன் எஸ்டெஸ் போர்கி, டங்கனுக்கு 81 வயது. 1998 பிப்ரவரி 28 அன்று, 95 வயதில் காலமானார்.

1935-இன் டிபெட் பதிவும் 1940-இன் டங்கன் பதிவும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். நியாயமாகச் சொன்னால் டிபெட்டின் குரல் பெரிது, உச்சத்தில் அவருக்கு இருக்கும் பளபளப்பு டங்கனிடம் இல்லை. ஆனால் டிபெட் ஒவ்வொரு வரியையும் ஒரு வெற்றியாகப் பாடுகிறார். டங்கன், பெஸ்ஸோடு சேர்ந்து பாடும் இடத்தில், அவள் குரல் மேலே எழும்போது தன் குரலை ஒரு படி இறக்கி வழிவிடுகிறார். நடக்க முடியாத ஒருவன் தனக்குக் கிடைத்ததை நம்பமுடியாமல் பாடும் பாட்டு அது. டிபெட்டுக்கு அந்த அவநம்பிக்கை வரவில்லை.